படகு எந்திரத்தின் தீப்பொறி

கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த பெங்களூருக்கும் மீனவருக்கும் உள்ள தொடர்பு ஸ்பார்க் பிளக் ஆகும். 1951ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் (2008 முதல் பாஷ்) அந்நகரில் பிளக்குகளைத் தயாரிக்கலாயிற்று. எந்திரங்களில் மிகச் சிறியதான இவ்வுறுப்பைக் கடுமையாகச் சோதிப்பது சாலையன்று, கடலே.

1980களில் கேரளக் கடற்கரையின் நாட்டுப் படகுகளில் வெளிப்பொருத்து எந்திரங்கள் வேகமாகப் பரவின. மானிய விலை மண்ணெண்ணெய் இதற்குத் துணை நின்றது. ஆனால் இச்சிக்கனத்திற்கும் ஒரு விலை உண்டு. மண்ணெண்ணெய் பெட்ரோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. அது முழுமையாக எரியாதபோது, உடன் கலந்த மசகெண்ணெயும் சேர்ந்து பிளக்கின் முனையில் கரியாகப் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே, பத்தாயிரம் வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டித் தீப்பொறியாகாமல் கரியின் வழியே கசிந்துவிடுகிறது.

இதனால்தான் எந்திரத்தைப் பெட்ரோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். நிறுத்துமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவது அடுத்த தொடக்கத்தை எளிதாக்கும். அவசரத்தில் பலரும் கைவிடும் வழக்கம் இதுவே.

எந்திரம் கிளம்பவில்லையெனில், முதலில் அவசர நிறுத்தக் கயிற்றின் கொக்கி உரிய இடத்தில் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். அது கழன்றிருந்தால், பிற உறுப்புகள் எவ்வளவு சீராக இருந்தாலும் தீப்பொறி எழாது! அடுத்துப் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தை நோக்கலாம். இளம்பழுப்பு நலமான நிலை. கருமையும் எண்ணெய்ப் பசையும் அரைகுறை எரிதலின் அடையாளம். புதிய பிளக்கைத் தொப்பியில் பொருத்தி, அதன் உலோகப் பகுதி எந்திர உடலைத் தொடுமாறு வைத்துக் கயிற்றை இழுத்தால் பொறி தெரிய வேண்டும். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் இச்சோதனை கூடாது. பிளக்கை வெறுங்கையால் பிடிப்பதும் ஆபத்து.

புதிய பிளக்கிலும் பொறி இல்லையேல், உப்பு நீரால் அரிக்கப்பட்ட தொப்பி, கம்பி இணைப்புகள் மீது ஐயம் திரும்பும். அவையும் சரியாயின் குறை மின்சுருளிலோ காந்தச் சக்கரப் பகுதியிலோ இருக்கலாம். அதைக் கடலில் பழுதுபார்க்க இயலாது. ஆகவே எந்திரக் கடனை மதிப்பிடும் அலுவலர், எந்திர விலையுடன் இரண்டு உபரிப் பிளக்குகள், அவற்றைக் கழற்றும் சாவி, ஒரு சோடித் துடுப்பு ஆகியவற்றின் விலையையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.