பித்தப்பையை எடுத்த பின்னும் கல் இருக்குமா?

பித்தப்பையில் கல் இருப்பதாக ஸ்கான் காட்டிவிட்டது. சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று. பையை எடுத்துவிட்டால் கல்லும் அதனோடு தொலைந்தது என்று வீட்டார் ஆறுதலடைகின்றனர். அநேகரைப் பொறுத்தவரை இது உண்மையே. ஆயினும் இச்சிகிச்சைக்கு வருவோரில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குக் கல் பையில் மட்டுமன்றி, பித்தம் ஓடும் கானிலும் கிடக்கின்றது. பையை எடுத்தாலும் கானிலுள்ள கல் தானாக வந்துவிடாது. அன்பான வாசகர்களே, இவ்வாரம் இந்தக் கல்லைப் பற்றியே நோக்குவோம்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பித்தத்தை உண்டாக்குவது ஈரல். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் சிறு பை மாத்திரமே. ஈரலிலிருந்து வரும் கானும் பையிலிருந்து வரும் சிறு கானும் ஒன்றாகிப் பொதுப் பித்தக்கானாகி முன்சிறுகுடலில் திறக்கின்றன. அக்கானின் உள்விட்டம் சாதாரணமாக 6 மில்லிமீற்றர் அளவுதான். சதையியிலிருந்து வரும் கானும் பெரும்பாலானோரில் இதே வாயிலிலேயே வந்து சேர்கின்றது. ஒரு சிறு கல் அவ்வாயிலில் இறுகிக்கொண்டால் ஈரல், சதையி ஆகிய இரண்டுக்குமே ஆபத்து என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

கான் அடைபட்டால் பித்தம் குடலுக்குச் செல்லாது. மலம் வெளிறிக் களிமண் போலாகும். தேங்கிய பித்தம் இரத்தத்திற் கலக்கும். கண் மஞ்சளாகும், சலம் வெறுந்தேநீர் போலக் கறுக்கும், உடம்பெல்லாம் கடிக்கும். இங்கேதான் நம்மவர் பலர் தவறிவிடுகின்றனர். கண் மஞ்சளானதும் "செங்கமாரி" என்று முடிவு கட்டி, கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் கொடுத்துப் பத்தியமும் வைத்து நாட்களைக் கழித்து விடுகின்றனர். கிருமியினால் ஈரல் வீங்கி வரும் மஞ்சள் வேறு, கல் அடைத்து வரும் மஞ்சள் வேறு. எந்தச் சாறும் கானிலுள்ள கல்லைக் கரைக்காது. மேல்வயிற்றில் வலப்புறம் நோவு, மஞ்சள், குளிரும் நடுக்கமுமான காய்ச்சல் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் கானில் தேங்கிய பித்தத்தில் கிருமி தொற்றிவிட்டது என்று பொருள். பிரெஞ்சு வைத்தியர் சார்க்கோ 1877 இலேயே இதைக் குறித்து வைத்தார். அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. முதுகுப்பக்கம் ஊடுருவும் கடும் நோவும் ஓயாத வாந்தியும் வந்தால் சதையி பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கும் இதே அவசரம்தான்.

எந்த அறிகுறியுமின்றியும் கல் கானில் இருக்கக்கூடும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் இரத்தத்தில் ஈரலின் நிலையைச் சோதிப்பார்கள். ஸ்கானில் கானின் அகலத்தைப் பார்ப்பார்கள். சாதாரண ஸ்கான் பையிலுள்ள கல்லை நன்கு காட்டும். ஆனால் கானின் கீழ்ப்பகுதியைக் குடலிலுள்ள வாயு மறைத்துவிடுவதால் அங்குள்ள கல் தப்பிவிடலாம். "ஸ்கானில் ஒன்றுமில்லை" என்பதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். சந்தேகம் இருந்தால் காந்த ஸ்கான் எடுப்பார்கள். அல்லது சத்திரசிகிச்சை நடக்கும்போதே கானுக்குள் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள். இம்முறையை ஆர்ஜென்டீனாவின் கோர்டோபா நகரச் சத்திர வைத்தியர் மிரிஸி 1931 இல் தொடக்கி வைத்தார்.

இனி, கல்லை எடுப்பது எப்படி? முன்னாளில் வயிற்றைத் திறந்து, கானையும் கீறிக் கல்லை எடுத்து, பித்தம் வெளியே வடிய ஒரு றப்பர்க் குழாயை வைத்துத் தைப்பார்கள். குழாயும் பையுமாகக் கட்டிலில் கிடந்த உறவினரை வயதில் மூத்தவர்கள் நினைவுகூர்வார்கள். 1974 இல் ஜெர்மனியில் கிளாசனும் டெம்லிங்கும், ஜப்பானில் கவாயும் புதுவழி ஒன்றைக் காட்டினர். வாய் வழியாக உள்நோக்கும் குழாயை முன்சிறுகுடல் வரை இறக்கி, கானின் வாயிலைச் சிறிது வெட்டி அகலமாக்கி, கல்லைச் சிறு கூடை போன்ற கம்பியாற் பிடித்து இழுப்பதே அவ்வழி. வயிற்றில் கத்தி வைப்பதில்லை. ஆயினும் இது விளையாட்டான காரியமன்று. 100 பேரில் 3 முதல் 10 பேருக்குப் பின்னர் சதையி வீங்கக்கூடும். சிலருக்கு இரத்தம் கசியும். சதையி வீக்கத்தைத் தடுக்க மலவாசல் வழியாக மருந்து வைப்பதுண்டு. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

1985 இல் ஜெர்மனியில் எரிக் மூஹே சிறு துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். இன்று பெரும்பாலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். தேர்ந்த கையும் தகுந்த கருவியும் இருக்குமிடத்தில் அதே துளைகள் வழியாகக் கானிலுள்ள கல்லையும் ஒரே மயக்கத்தில் எடுத்துவிடலாம். ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்கள் குறையும். முதலில் குழாய்வழிக் கல்லை எடுத்துப் பின் பையை எடுப்பதும், ஒரே தடவையில் இரண்டையும் செய்வதும் கல்லை அகற்றுவதில் ஏறத்தாழச் சமமே. எது புதியது என்று தேடி அலைவதிலும், உங்கள் வைத்தியசாலையில் எது வழக்கமாகச் செய்யப்படுகின்றது என்று கேட்பதே புத்தி என்பது என் எண்ணம்.

குழாய்வழிக் கல்லை எடுத்ததும் நோவு பறந்துவிடும். "இப்போது சுகம்தானே, பை கிடக்கட்டும்" என்று வீடு திரும்புவோர் உண்டு. பையில் எஞ்சியிருக்கும் கற்கள் மீண்டும் கானுக்குள் இறங்கலாம். வைத்தியர் வேறு காரணம் சொல்லாதவிடத்து, பையை எடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். அதேபோல, பையை எடுத்து மாதங்களோ வருடங்களோ கழிந்தபின் கண் மஞ்சளானால், "பைதான் இல்லையே" என்று இருந்துவிடாமல், பை எடுத்ததைச் சொல்லிச் சோதிக்கச் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்று. கல் பெரிதாக இருந்தாலோ கிருமி தொற்றியிருந்தாலோ, பித்தம் வழிந்தோடச் சிறு பிளாஸ்டிக் குழாயொன்றைக் கானில் வைத்து அனுப்புவதுண்டு. வெளியே எதுவும் தெரியாது, நோயாளியும் மறந்துவிடுவார். வழக்கமாக 3 மாதங்களுக்குள் அதை எடுக்கவோ மாற்றவோ வேண்டும். இல்லையேல் அதுவே அடைபட்டுக் காய்ச்சலையும் மஞ்சளையும் கொண்டுவரும். ஆகவே துண்டைக் கையில் வாங்கும்போதே, "உள்ளே குழாய் வைத்தீர்களா? எப்போது எடுக்க வரவேண்டும்?" என்று கேட்டு, அந்தத் திகதியை வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள்.