தேனீப் பெட்டியில் உண்ணி: எண்ணிப் பார்த்தால்தான் தெரியும்



"பெட்டி நல்லாத்தானே இருந்துச்சு, திடீர்னு காலியாயிடுச்சே!" தேனீ வளர்க்கிற நம் குழுக்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். தேனீ போனாலும் பெட்டிக்கு வாங்கிய கடன் தவணை நிற்பதில்லை. இத்தாலியத் தேனீப் பெட்டிகள் இப்படி அழிய ஒரு முக்கியக் காரணம் வரோவா உண்ணி. அது ஒரே நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் பெருகுகிறது. நாம்தான் பார்க்காமல் விடுகிறோம்.

உண்ணி எப்படி இருக்கும்?

கடுகளவுதான். செம்பழுப்பு நிறம், நண்டு மாதிரி தட்டையான உடம்பு. தேனீயின் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் இனம் பெருகுவது மூடிய புழு அறைக்குள். அதனால் பெரும்பகுதி நம் கண்ணில் படாது. சிறகு சுருங்கிய தேனீக்கள் பெட்டி வாசலில் ஊர்ந்தால், உண்ணி ஏற்கெனவே மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன்பே கண்டுபிடிக்க வேண்டும்.

நம்ம நாட்டுத் தேனீக்கு இந்த உண்ணி பழைய விருந்தாளி. ஒன்றையொன்று சுத்தம் செய்து உண்ணியைத் தள்ளிவிடும். அதில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீப் புழு அறையில்தான் பெருகும். ஆகவே நாட்டுத் தேனீ வைத்திருப்பவர்கள் பயந்துபோய் மருந்து வைக்க வேண்டாம்.

சர்க்கரைச் சோதனை

தேவையானவை: வாயகன்ற பாட்டில், மூடிக்குப் பதில் 3 மி.மீ. கண் உள்ள கம்பி வலை, ஈரமில்லாத பொடித்த சர்க்கரை, வெள்ளைத் தட்டு. கொசுவலை வேண்டாம், அதில் உண்ணி விழாது.

1. புழு உள்ள சட்டத்தை எடுங்கள். ராணி அதில் இல்லை என்று உறுதி செய்யுங்கள்.
2. தேனீக்களைப் பாட்டிலில் 120 மில்லி அளவுக்கு உதறுங்கள். சுமார் 300 தேனீ இருக்கும்.
3. இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைப் பொடி போட்டு, வலையால் மூடி, மெதுவாக உருட்டுங்கள். இரண்டு நிமிடம் நிழலில் வையுங்கள்.
4. பாட்டிலைக் கவிழ்த்து, தட்டின் மேல் ஒரு நிமிடம் குலுக்குங்கள்.
5. தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சர்க்கரை கரையும், உண்ணி தெரியும். எண்ணுங்கள்.

தேனீக்களைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம், சாகாது.

கணக்கு என்ன சொல்கிறது?

எண்ணிக்கையை 3-ஆல் வகுத்தால் நூறு தேனீக்கு எத்தனை என்று வரும். 9 உண்ணி இருந்தால் நூற்றுக்கு 3. அந்த அளவு வந்தால் தாமதிக்கக் கூடாது. மூடிய ஆண் தேனீ அடையை வெட்டி எடுத்துவிடுவது மருந்தில்லாத உதவி. மருந்து தேவையென்றால் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு, தேன் எடுத்த பிறகே வையுங்கள். ஃபார்மிக் அமிலம் தோலையும் கண்ணையும் பொசுக்கும், கேட்காமல் தொடாதீர்கள். பயிருக்கு அடிக்கிற மருந்தைப் பெட்டிக்குள் விடவே கூடாது.

மாதம் ஒரு முறை சோதிப்போம். தேன் காலம் முடிந்ததும் கட்டாயம் பார்ப்போம். அப்போது புழு குறையும், தேனீயும் குறையும், ஆனால் உண்ணி குறையாது. சேமிப்பை நோட்டில் எழுதுகிற நாம், பெட்டி எண், தேதி, உண்ணி எண்ணிக்கை மூன்றையும் எழுதி வைப்போம்.

குழுக் கூட்டத்தில் பேச:

* நம் பெட்டிகளில் இருப்பது நாட்டுத் தேனீயா, இத்தாலியத் தேனீயா?
* இந்த மாதம் யார் பெட்டியில் முதலில் சோதித்துப் பார்க்கலாம்?