நுரையீரலை அடைத்த ரத்தக்கட்டி எங்கிருந்து வந்தது? பிரேதப் பரிசோதனை பழகுவோருக்கு முழுமையான வழிகாட்டி

சிதம்பரத்துக்கும் புவனகிரிக்கும் நடுவே உள்ள கீரப்பாளையத்தில் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் மாவுக்கட்டோடு படுக்கை. ஒருநாள் எழுந்து நாலடி வைத்தவர், மூச்சுத் திணறிச் சரிந்தார். ஊர் அதை மாரடைப்பு என்றுதான் சொல்லும். பிணவறை மேசையில் நிற்பவர் அப்படிச் சொல்லிவிட முடியாது.

1. முதலில் காகிதம்

கேஸ் ஷீட்டையும் போலீஸ் விசாரணை அறிக்கையையும் படியுங்கள். எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை, பிரசவம், புற்றுநோய், கருத்தடை மாத்திரை ஏதாவது உண்டா? ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் புண்படுவது, ரத்தம் எளிதில் உறைவது: விர்கோவின் பெயரால் வழங்கும் இந்த மூன்று காரணங்களையும் மனதில் வையுங்கள்.

2. டேப்பை எடுங்கள்

மாவுக்கட்டை நீக்கி, முழங்காலுக்குக் கீழே ஒரே தூரத்தில் இரண்டு கெண்டைக்கால்களின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள்.

3. தமனியை உள்ளேயே திறங்கள்

இதயத்தையும் நுரையீரலையும் வெளியே எடுப்பதற்கு முன்பே நுரையீரல் தமனியைத் திறந்து பாருங்கள். எடுத்தபின் பார்த்தால், கட்டி நழுவிப் போயிருக்கலாம்.

4. எந்தக் கட்டி?

இறந்தபின் உறைந்தது ஈரமாக, வழவழப்பாக இருக்கும். அடியில் கருஞ்சிவப்பு, மேலே கோழிக்கொழுப்பு மஞ்சள். உயிரோடிருந்தபோது உண்டானது வறண்டு, எளிதில் உடையும். வெட்டினால் சாம்பலும் சிவப்புமாக வரிகள் தெரியலாம். காலிலிருந்து வந்ததென்றால், பெரிய தமனிக்குள் மடிந்தும் சுருண்டும் கிடக்கும். பிரித்து நீட்டினால் கால் சிரையின் அச்சு: கிளை பிரிந்த முனைகளும் வால்வு பதிந்த தடமும் தெரிவதுண்டு.

5. வந்த வழியே திரும்புங்கள்

இதயத்தின் வலது அறைகள், கீழ்ப்பெருஞ்சிரை, இடுப்புச் சிரைகள், தொடைச் சிரை என்று வரிசையாகத் திறங்கள். பிரசவமான பெண்ணென்றால் கருப்பையைச் சுற்றியுள்ள சிரைகளை விட்டுவிடாதீர்கள். பிறகு உடலைக் குப்புறத் திருப்பி, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை தோலைக் கீறுங்கள். கெண்டைத் தசையைக் குறுக்கே துண்டு துண்டாக வெட்டுங்கள். வெறும் ரத்தம் வழிந்துவிடும். கட்டியோ வெட்டுவாயில் தக்கைபோல் துருத்தி நிற்கும். முறியாத காலையும் பாருங்கள்.

6. வயதைக் கேளுங்கள்

கட்டி ஒட்டிய சிரைச்சுவரோடு ஒரு துண்டை 10 சதவீத ஃபார்மலினில் போடுங்கள். புதுக்கட்டியில் ஃபைப்ரினும் தட்டணுக்களும் ரத்த அணுக்களும்தான் இருக்கும். நாள் செல்லச் செல்ல, சுவரிலிருந்து நார்த்திசு செல்கள் உள்ளே வளரும். விபத்துத் தேதியோடு கட்டியின் வயது பொருந்துகிறதா?

7. சங்கிலியாக எழுதுங்கள்

நுரையீரல் தமனி அடைப்பு, அதற்குக் காரணம் ஆழ்சிரை ரத்தக்கட்டி, அதற்குக் காரணம் எலும்பு முறிவு. விபத்து வழக்கு மரண வழக்காக மாறுவதும், குடும்பத்தின் இழப்பீடும் இந்த மூன்றாவது வரியில் தொங்குகின்றன. காலில் எதுவும் கிடைக்கவில்லையென்றால் "தேடினோம், காணவில்லை" என்றே எழுதுங்கள். கட்டி முழுவதுமாகக் கழன்று மேலே போயிருக்கலாம்.

கடைசியில் காலையும் ஒழுங்காகத் தைத்துக் கொடுங்கள். "மூச்சு நின்னவருக்குக் கால்ல ஏங்க தையல்?" என்று மனைவி கேட்பார். "நெஞ்சை அடைச்சது கால்லேருந்து வந்ததும்மா" என்று சொல்ல உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.