கரண்ட் விற்கிறவரே "குறைவாக வாங்கு" என்பாரா?

(பதினொன்றாம் வகுப்பு மாணவி)



மின் சிக்கனம் தேவை இக்கணம். இந்த வாசகத்தை நம் ஊரில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மின்வாரியம் எழுதி வைத்தது. எனக்கு இதில் ஒரு சந்தேகம். துணிக்கடைக்காரர் "துணி குறைவாக எடுங்கள்" என்று போர்டு வைப்பாரா? கரண்ட் விற்கிறவர் மட்டும் ஏன் வைக்கிறார்? இயற்பியல் சாரிடம் கேட்டேன். "நல்ல கேள்வி. நீயே தேடிப் பிடிச்சு சுவரிதழில் எழுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாட்டிக்கொண்டேன்.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறார். பழைய இரும்பை கரண்ட் ஃபர்னஸில் போட்டு உருக்குவார்கள். ஒரு டன் உருக்க சுமார் 600 யூனிட் ஆகும். எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கே அவ்வளவு ஆகாது!

2008 நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் பெரிய ஆலைகளுக்கு மின் கட்டுப்பாடு வந்தது. பிறகு அது 40 சதவீத வெட்டு வரைக்கும் போனது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை மெஷின் ஓட்டக் கூடாது. "உள்ள இரும்பு பாதி உருகியிருக்கும்மா. அப்படியே விட்டா கட்டி தட்டிப் போயிடும். அதனால நாலு மணிக்கே ஃபர்னஸ காலி பண்ணிடுவோம். ஷிப்டு போச்சு, சம்பளமும் பாதி போச்சு" என்று அப்பா சொன்னார். அந்தக் கட்டுப்பாடு 2015 ஜூனில்தான் முழுவதும் நீங்கியது. நான் பிறந்த வருஷம் அடகுக் கடைக்குப் போன அம்மாவின் கம்மல், நான் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போதுதான் காதுக்குத் திரும்பி வந்ததாம்.

இனி பாடத்துக்கு வருவோம்.

கரண்டை நமக்கு விற்பது மின்வாரியம். (2024 முதல் அதன் பெயர் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊரில் எல்லோரும் இன்னும் ஈ.பி. என்றுதான் சொல்கிறோம்.) ஆனால் யூனிட் என்ன விலை என்று முடிவு செய்வது அவர்கள் இல்லை. அதற்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் என்று தனியாக ஒன்று 1999-இல் அமைக்கப்பட்டது. கபடியில் நடுவர் மாதிரி. வாரியம் "செலவு இவ்வளவு, விலையை ஏற்றுங்கள்" என்று மனு போடும். ஆணையம் மக்களிடம் கருத்துக் கேட்டு உத்தரவு போடும்.

இந்த நடுவர் இல்லாவிட்டால் சிக்கனம் நடக்குமா? வாரியத்துக்கு இரண்டு மனசு இருக்கிறது, பாருங்கள். சாயங்காலம் எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், டி.வி. ஓடும். சூரிய மின்சாரம் அந்த நேரத்தில் கிடையாது. பற்றாக்குறை வந்தால் மின்சாரச் சந்தையில் யூனிட் 10 ரூபாய் வரை கொடுத்துக்கூட வாங்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு விற்பதோ அதைவிடக் குறைந்த விலைக்கு. ஆகவே மாலையில் நாம் ஒரு யூனிட் மிச்சம் பிடித்தால் வாரியத்துக்கு லாபம். ஆனால் ஓர் ஆலை பகலில் மிச்சம் பிடித்தால்? நல்ல விலை கொடுக்கிற வாடிக்கையாளர் குறைவாக வாங்குகிறார், வாரியத்துக்கு வருமானம் குறைகிறது! அங்கே சிக்கனத்தை யார் விரும்புவார்கள்? அதனால்தான் விற்கிறவரும் இல்லாமல் வாங்குகிறவரும் இல்லாமல் மூன்றாவது ஆள் ஒருவர் விதி போட வேண்டியிருக்கிறது. என் சந்தேகத்துக்குப் பாதி விடை இதில் கிடைத்தது.

மீதிப் பாதி நம்ம ஆற்றில் இருக்கிறது.

நம்ம ஆரணி பட்டுக்குப் பேர் போன ஆரணி இல்லை. (வெளியூரில் இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது.) நம்முடையது ஆரணியாற்றங்கரை ஆரணி. அந்த ஆறு ஆந்திராவில் பிறந்து இங்கே வந்து பழவேற்காட்டில் கடலில் சேர்கிறது. மழைக்காலத்தில் பிச்சாட்டூர் அணையை அங்கே திறந்தால் இங்கே கரையோரத்தில் இருப்பவர்கள் தூங்க மாட்டார்கள். மேலே இருக்கிறவர் செய்வது கீழே இருக்கிறவரைப் பாதிக்கும்.

கரண்டும் அப்படித்தான், ஆனால் இன்னும் வேகமாக. நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய் வருகிறது. அதை 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். உற்பத்தியைவிட உபயோகம் கூடினால் இந்த எண்ணிக்கை குறையும். எங்கே கூடினாலும் எல்லா இடத்திலும் சேர்ந்தே குறையும். முன்பு தென் மாநிலங்களின் கட்டமைப்பு தனியாக இயங்கியது. அதனால்தான் 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருட்டில் மூழ்கியபோது தெற்கே அந்த ஆபத்து வரவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாக நாமும் ஒன்று சேர்ந்துவிட்டோம். இப்போது இந்தியா முழுக்க ஒரே ஆறு!

எனவே தமிழ்நாட்டு ஆணையம் மட்டும் தனியாக விதி போட்டுப் பிரயோஜனம் இல்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி, எல்லா மாநில ஆணையத் தலைவர்களும் மத்திய ஆணையத் தலைவரும் கூடிப் பேச 2005-இல் ஒழுங்குமுறையாளர் மன்றம் அமைந்தது. அந்த மன்றம் 2010-இல் ஒரு மாதிரி விதித்தொகுப்பு தயாரித்தது. பெயர் தேவை மேலாண்மை. பெயர்தான் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. புதிதாக மின்நிலையம் கட்டுவதற்கு முன்னால், மக்களின் தேவையைக் குறைக்க முடியுமா என்று வாரியம் கணக்குப் போட வேண்டும், திட்டம் தீட்டி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். அதை வைத்துத் தமிழ்நாடு தன் சொந்த விதிகளை 2013-இல் வெளியிட்டது.

தேவையைக் குறைப்பது என்றால் விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையில் உட்காருவது இல்லை. ஒரு கணக்கு பார்க்கலாம்.

பழைய ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடினால் 1050 வாட்-மணி, அதாவது 1.05 யூனிட். 60 நாளைக்கு 63 யூனிட். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். அதே நேரம் ஓடினால் 60 நாளைக்கு 25.2 யூனிட்தான். காற்று அதே காற்று! மிச்சம் கிட்டத்தட்ட 38 யூனிட். வீட்டில் மூன்று ஃபேன் இருந்தால்? 500 யூனிட் எல்லையைத் தாண்டிவிடுமோ என்று ரீடிங் எடுக்க வரும்போதெல்லாம் பயப்படுகிற வீடுகளுக்கு இந்தக் கணக்கின் அருமை தெரியும்.

ஆனால் அந்த ஃபேன் விலை சாதா ஃபேனைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எங்கள் வீட்டில் வாங்கவில்லை. இங்கேதான் சேர்ந்து செய்வதன் பலம் தெரிகிறது. எல்.இ.டி. பல்பை நினைத்துப் பாருங்கள். மத்திய அரசின் நிறுவனம் பல மாநிலங்களுக்குச் சேர்த்து மொத்தமாக வாங்கியபோது, 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை மூன்றே வருஷத்தில் 40 ரூபாய்க்கும் கீழே வந்தது. ஒரு மாநிலம் மட்டும் கேட்டிருந்தால் கம்பெனிக்காரர்கள் இவ்வளவு இறங்கியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஸ்டார் முத்திரையும் அப்படித்தான். 2006-இல் தொடங்கிய அது 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கும் கட்டாயம். தடாவில் வாங்கினாலும் பொன்னேரியில் வாங்கினாலும் நட்சத்திரக் கணக்கு ஒன்றுதான்.

அமெரிக்காவில் இன்னும் ஒருபடி மேலே. நியூ இங்கிலாந்து என்னும் பகுதியில் ஆறு சின்ன மாநிலங்களுக்கு ஒரே மின் கட்டமைப்பு. வரப்போகும் வருஷங்களின் தேவைக்காக அங்கே நடக்கும் ஏலத்தில் 2008 முதல் மின்நிலையங்களோடு மிச்சம் பிடிப்பவர்களும் போட்டி போடுகிறார்கள். "நான் இவ்வளவு மெகாவாட் தருகிறேன்" என்று ஒருவர் சொல்ல, "நான் இவ்வளவு மெகாவாட் தேவைப்படாமல் செய்கிறேன்" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவருக்கும் பணம்! இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, பொறாமையும் வந்தது.

நம்மிடம் குறை இல்லாமல் இல்லை. விதி எழுதுவது எளிது, அளப்பதுதான் கஷ்டம். விவசாய மோட்டாருக்குக் கட்டணம் இல்லை, பெரும்பாலும் மீட்டரும் இல்லை. விவசாயிக்கு இலவசம் வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் மீட்டர் இல்லாத இடத்தில் புது மோட்டார் மாற்றி எவ்வளவு மிச்சம் ஆனது என்று எந்த ஆணையத்தால் சொல்ல முடியும்?

அப்பா கதையை முடிக்கவில்லை. இப்போது மின்வெட்டு இல்லை, விலை இருக்கிறது. பெரிய ஆலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்ச நேரத்தில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. மின் கட்டமைப்புக்கு இது நல்லது என்று மேலே எழுதியதை வைத்துப் பார்த்தால் புரிகிறது. ஆனால் முதலாளி ஃபர்னஸை இரவில் ஓட்டுகிறார், அப்பாவுக்கு மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்டு. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் வருவார். ஆணையம் எழுதும் ஒரு சதவீதக் கணக்கில் எங்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாடும் அடங்கியிருக்கிறது.

ஆணையத்தின் கருத்துக்கேட்பில் யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம் என்று அப்பாவிடம் சொன்னேன். தொழிலாளியின் தூக்கத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதலாமே என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"நீ எழுதும்மா. நான் கையெழுத்து போடறேன்."

அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறேன்.