பெட்ரோல் விலை ஆரூடம் – நம்பலாமா?

டில்லிக்குப் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களுள் எங்களுடையதும் ஒன்று. என் தந்தையார் இட்லி மாவு அரைத்து, ஸ்கூட்டரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவர். நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டம். ஒன்றரை லிட்டர் பெட்ரோல். ஆகவே எங்கள் வீட்டில் பெட்ரோல் விலை என்பது பத்திரிகைச் செய்தியன்று, அடுப்படிச் செய்தி.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை சுழியத்திற்கும் கீழே இறங்கி, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அப்போது நான் பள்ளி மாணவன். "என்னப்பா, இனி பெட்ரோல் விலை இறங்குமா?" என்று தந்தையார் கேட்டார். "சந்தேகமே வேண்டாம் அப்பா. ஐம்பது ரூபாய்க்கு வந்துவிடும்" என்றேன். அச்சொல்லை நம்பி, தீபாவளி வரை மாவு விலையை ஏற்றுவதில்லை என்று வாடிக்கைக்காரர்களுக்கு அவர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

நடந்தது என்ன? ஏப்ரலில் டில்லியில் லிட்டர் 69 ரூபாய் 59 காசுக்கு விற்ற பெட்ரோல், ஜூன் இறுதியில் 80 ரூபாய் 43 காசு ஆயிற்று. மாதந்தோறும் ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவான தொகை எங்கள் கையிலிருந்து போயிற்று. தந்தையார் வாக்கு மாறவில்லை. என்னை ஒரு சொல் கடியவுமில்லை. அதுதான் என்னைச் சுட்டது. இன்று பௌதிகம் பயிலும் மாணவனாக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். நண்பர்களும் உடன் வாருங்கள்.

எங்கே தவறினேன்?

முதலாவது, நான் பார்த்த விலை நமக்குரிய விலையே அன்று. அது மே மாதம் அமெரிக்காவின் குஷிங் நகரில் எண்ணெயை ஒப்படைப்பதற்கான முன்பேர ஒப்பந்தத்தின் விலை. ஒப்பந்தம் முடிய ஒரு நாளே இருந்தது. எண்ணெயைக் கொட்டிவைக்கத் தொட்டி கிடைப்பது அரிதாயிற்று. ஆகவே கையிலிருந்ததைக் காசு கொடுத்துத் தள்ளிவிட்டார்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெயோ அம்மாதம் சராசரியாகப் பீப்பாய் 20 டாலர் அளவில் இருந்தது.

இரண்டாவது, பங்கில் நாம் கொடுக்கும் பணத்தில் கச்சா எண்ணெயின் விலை ஒரு பங்குதான். சுத்திகரிப்புச் செலவு, போக்குவரத்து, மத்திய அரசின் கலால் வரி, மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி, விற்பனையாளரின் கமிஷன் ஆகிய யாவும் அதில் அடக்கம். உலகச் சந்தையில் விலை சரிந்தபோது, பெட்ரோல் மீதான கலால் வரி 2020 மார்ச்சில் 3 ரூபாயும், மே மாதம் 10 ரூபாயும் உயர்ந்தது. இறக்கத்தின் பயன் நம் கைக்கு வரும்முன் வரிக்குப் போயிற்று.

மூன்றாவது, விலை மாறும் காலத்தையும் நான் கணக்கில் கொள்ளவில்லை. 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் பெட்ரோல் விலை நாள்தோறும் மாறும் என்பது ஏற்பாடு. ஆயினும் 2020-இல் 82 நாள் நாளாந்தத் திருத்தம் நின்று, ஜூன் 7 அன்றுதான் மீண்டும் தொடங்கியது. 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச் 21 வரையிலும் எண்ணெய் நிறுவனங்கள் விலையைத் தொடவில்லை. இதற்கிடையே கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியது. ஐந்து மாநிலங்களில் தேர்தலும் நடந்து முடிந்தது. மார்ச் 22 முதல் ஏப்ரல் 6-க்குள் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறிற்று. இதை எந்தச் சமன்பாட்டில் அடைப்பது?

பெரியவர்களும் வழுக்கினர்

பள்ளிச் சிறுவன் தவறியது வியப்பன்று. 2008 மே மாதம் கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரிய நிதி நிறுவனம், இரண்டாண்டுக்குள் கச்சா எண்ணெய் 150 முதல் 200 டாலர் வரை போகக்கூடும் என்றது. ஜூலையில் 147 டாலரைத் தொட்ட விலை, டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. அமெரிக்க அரசின் எரிசக்தித் தகவல் நிர்வாகம், அந்நாட்டில் 2022-ஆம் ஆண்டு பெட்ரோல் சராசரியாகக் காலன் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருக்கும் என்று அவ்வாண்டு ஜனவரியில் கணித்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. ஜூனில் விலை 5 டாலரைத் தொட்டது. ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 4 டாலர் ஆயிற்று. அவர்கள் கணக்கறியாதவர்கள் அல்லர். போரைக் கணிக்கச் சூத்திரம் இல்லை, அவ்வளவே.

தள்ளாடும் நடை

1900-இல் பாஷெலியே என்ற பிரெஞ்சுக் கணித மாணவர், சந்தை விலையின் அசைவைக் குறிக்கோளற்ற தள்ளாட்டமாகக் கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். ஐந்தாண்டுக்குப் பின் ஐன்ஸ்டீன் நீரில் மிதக்கும் துகள்களின் அலைவை விளக்கியபோது அதே கணிதத்தைக் கையாண்டார். அதன்படி, தள்ளாடுபவன் எவ்வளவு தூரம் விலகியிருப்பான் என்னும் ஐயம் காலத்தின் வர்க்கமூலமாக வளர்கிறது. ஒரு மாதக் கணிப்பில் உள்ள ஐயம் நான்கு மாதக் கணிப்பில் இரு மடங்காகும். எண்ணெய் விலை இவ்விதிக்கு அப்படியே கட்டுப்படுவதில்லை. எனினும் போக்கு இதுதான்.

அமெரிக்காவில் பொதுமக்களிடம் வருங்காலப் பெட்ரோல் விலை பற்றி மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் கேட்டுத் திரட்டிய விடைகளைப் பொருளியலார் சிலர் ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால், மக்களின் சராசரிக் கணிப்பு பெரும்பாலும் 'இன்றைய விலையே நீடிக்கும்' என்பதாகவே இருந்தது. இது அறியாமையன்று. 'மாற்றமில்லை' என்னும் இந்த எளிய கணிப்பை வெல்வது வல்லுநர்களுக்கே கடினமாக இருக்கிறது.

நம்பத் தக்கதும் உண்டு

அப்படியானால் எல்லாக் கணிப்பும் கிளி ஜோசியமா? அன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2001 முதல் ஒரு சட்டம் நடப்பில் உள்ளது. மறுநாள் விலையைப் பெரும்பாலான பங்குகள் முதல்நாள் பிற்பகலே அரசிடம் தெரிவித்துவிட வேண்டும். காலை 6 மணி முதல் 24 மணி நேரம் அதை மாற்றலாகாது. மக்கள் மாலையே பார்த்து, இன்று நிரப்புவதா நாளை நிரப்புவதா என்று முடிவு செய்கிறார்கள். இது கணிப்பன்று, வாக்குறுதி, ஆதலால் நம்பலாம். அதுபோலவே, விலை தடையின்றி மாறும் நாடுகளில் கச்சா எண்ணெயின் ஏற்றம் பங்குக்கு வந்து சேரச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். வழியில் வந்துகொண்டிருக்கும் ஏற்றத்தைச் சொல்லும் கணிப்புக்கும் மதிப்பு உண்டு. ஆறு மாதத்திற்கு அப்பால் ஒற்றை எண்ணைச் சொல்லுவதுதான் ஆரூடம்.

ஆகவே வண்டி ஓட்டுபவர் எந்தக் கணிப்பைக் கண்டாலும் மூன்று கேள்வி கேட்கட்டும். சொல்லுவது கச்சா எண்ணெயின் விலையா, பங்கு விலையா? எத்தனை நாளுக்கு? எவ்வளவு கூடவோ குறையவோ போகலாம்? மூன்றாவதற்கு விடை தராத கணிப்பைப் படித்துவிட்டு மறந்துவிடலாம்.

சென்ற விடுமுறையில் தந்தையார் மீண்டும் கேட்டார். "இன்றைய விலையையே வைத்துக்கொள்ளுங்கள் அப்பா. ஆனால் லிட்டருக்குப் பத்து ரூபாய் ஏறினாலும் தாங்கும்படி மாவு விலையைப் போடுங்கள்" என்றேன். "இதைச் சொல்லவா எம்.எஸ்ஸி. படிக்கிறாய்?" என்று சிரித்தார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் படிக்கவேண்டியிருக்கிறது அப்பா" என்றேன்.