போதும் என்னும் பொருள்

வைகாசி விசாகத்தை ஒட்டித் திருப்பூரில் ஸ்ரீவிஸ்வேஸ்வர சுவாமியும் ஸ்ரீவீரராகவப் பெருமாளும் திருத்தேரில் எழுந்தருளும் நாட்களில், வடம் பிடிக்க வருவோரில் பெரும்பாலோர் பனியன் தொழிலில் உழைப்பவர்களே ஆவர். கட்டிங் மேசையில் நிற்பவர், ஓவர்லாக், பேட்லாக் இயந்திரங்களில் அமர்ந்து தைப்பவர், கைமடிக்கும் பெண்கள், பிசிறு வெட்டும் முதியோர், சாயப்பட்டறையில் வேலை செய்வோர் எனப் பலரும் சனிக்கிழமைக் கூலியை நம்பி வாரத்தைக் கடத்துபவர்கள். எம்பெருமான் திருமுன் நின்று அவர்கள் வேண்டுபவை பெரும்பாலும் மூன்றே: வேலை தடையின்றிக் கிடைக்க வேண்டும், கடன் தீர வேண்டும், மனம் நிம்மதியாக இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதை நம் ஆசாரியர்களின் வாழ்வு தெளிவாகக் காட்டுகிறது.

காஞ்சியை அடுத்த தூப்புலில் 1268ஆம் ஆண்டு அவதரித்த ஸ்வாமி வேதாந்த தேசிகன் நூறு நூல்களுக்கு மேல் அருளிச்செய்த பேரறிஞர். தமிழ், வடமொழி, பிராகிருதம், மணிப்பிரவாளம் என நான்கு நடைகளிலும் அவர் எழுதினார். அத்தகையவர் தம் வாழ்நாள் முழுவதும் உஞ்சவிருத்தியால் வாழ்ந்தார் என்பதே கருதத்தக்கது. அன்றைக்கு வேண்டிய அரிசி கிடைத்ததும் இல்லம் திரும்பிவிடுவார். நாளைக்கென்று சேர்த்து வைக்கமாட்டார்.

விஜயநகர அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த வித்யாரண்யர், தேசிகனின் எளிய நிலையைக் கேள்வியுற்று, அரசவைக்கு வந்தால் பெரும்பொருள் பெறலாம் என்று அழைப்பு அனுப்பினார் என்று குருபரம்பரை வரலாறுகள் கூறும். அதற்கு விடையாக எழுந்ததே 'வைராக்ய பஞ்சகம்'. மற்றொரு முறை, செல்வர் ஒருவர் அவருக்கு உதவும் எண்ணத்துடன் பிட்சை அரிசியில் பொற்காசுகளைக் கலந்து இட்டார். அரிசியில் மின்னுபவை எவை என்று இல்லத்தரசியார் வினவ, அவற்றைப் புழுக்கள் என்று சொல்லித் தருப்பைப் புல்லால் ஒதுக்கி எறிந்தார் ஸ்வாமி என்பது வழிவழியாக வழங்கும் வரலாறு.

பிறர் இட்ட அரிசியை உண்டவரைத் தற்சார்பு உடையவர் என்று எவ்வாறு கூறலாம் என்னும் ஐயம் இங்கு எழுதல் இயல்பே. ஆனால் தேசிகன் கைம்மாறின்றி உண்டவர் அல்லர். நாள்தோறும் சீடர்களுக்குப் பொருள் சொல்லி, நூல் எழுதி, ஊருக்குத் தம் உழைப்பைத் தந்தவர். அதற்கு ஈடாகப் பல இல்லங்களிலிருந்து பிடிப்பிடியாகப் பெற்றார். ஒரே புரவலரிடம் பெரும்பொருள் பெற்றிருந்தால், அவருக்கு உவப்பானதை மட்டுமே பேச வேண்டிய நிலை நேர்ந்திருக்கும். எவரையும் சாராமல் தனித்து வாழ்தல் மனிதர்க்கு இயலாது. ஒருவர் கையில் மட்டும் அகப்பட்டுக் கொள்ளாதிருத்தலே இயலக்கூடிய தற்சார்பு.

அவர் கைத்தொழிலை இழிவாகக் கருதியவரும் அல்லர். எல்லாக் கலைகளிலும் வல்லவர் என்னும் பொருளுடைய 'ஸர்வதந்த்ர ஸ்வதந்த்ரர்' என்ற விருதினை உடைய அவரைச் சோதிக்க விரும்பிய கொத்தன் ஒருவன், கிணறு கட்டித் தர இயலுமா என்று கேட்டு, ஒழுங்கற்ற வடிவமுடைய செங்கற்களைக் கொடுத்தான். ஸ்வாமி அவற்றையே பொருத்தமுற அடுக்கிக் கிணற்றைக் கட்டி முடித்தார் என்பர். திருவஹீந்திரபுரம் செல்லும் யாத்திரிகர்களுக்கு அக்கிணறு இன்றும் காட்டப்படுகிறது. கிடைத்த கல்லைக் குறை கூறாமல் அதனைக்கொண்டே செய்து முடிக்கும் திறன், நூலறிவுக்கு ஒரு சிறிதும் தாழ்ந்ததன்று.

கொங்கு நாட்டிலும் இப்பாடம் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1920களில் திருப்பூர் கதர் உற்பத்தியின் பெரும் மையமாக விளங்கியது. மழை பொய்க்கும் கரிசலிலும் செம்மண்ணிலும் உழவு வேலை இல்லாத மாதங்களில், பெண்கள் இராட்டையில் நூல் நூற்று வீட்டுக்கு வருவாய் தேடினர். 1925ஆம் ஆண்டில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை நிறுவியதும் இந்நோக்கத்துடனேயே. சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் 1904இல் பிறந்து, பஞ்சாலையில் பணிபுரிந்த குமாரசாமி என்னும் இளைஞர், கையில் கொடியுடன் தடியடிக்கு உள்ளாகி 11-1-1932 அன்று உயிர்நீத்துத் திருப்பூர்க் குமரன் ஆனார். சிறு ஊதியம் பெற்ற அவருடைய வாழ்வின் பொருள் அந்த ஊதியத்தில் அடங்கிவிடவில்லை.

பின்னர்ப் பின்னலாடை இயந்திரங்கள் பெருகின. 1970களின் இறுதியிலிருந்து வெளிநாட்டு ஏற்றுமதியும் வளர்ந்தது. இயந்திரத்தில் அமர்ந்து தைத்தவர்களில் பலர், சிறிது சிறிதாகச் சேமித்துத் தாமே பவர்டேபிள் போட்டு முதலாளிகள் ஆயினர். முயன்று உயர்வது வைணவ நெறிக்கு மாறானதன்று. ஆயினும் அதே ஊரில், முன்பணம் வாங்கியதால் ஓரிடத்திலேயே கட்டுண்டு, கூலி குறைந்தாலும் வாய் திறக்க இயலாதவர்களும் உண்டு. அரிசியில் கலந்த பொற்காசின் இடர் இதுவே. வாங்கும்போது உதவியாகத் தோன்றும் பணம், பின்பு வாங்கியவரின் காலையும் மாலையும் தனதாக்கிக் கொள்கிறது.

மனநிறைவு என்பதற்கு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாதிருத்தல் என்று பொருள் கொள்வாரும் உளர். இது பிழை. 1984இல் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி வேண்டி 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் கேட்டது உழைப்புக்குரிய பங்கு. அதனைப் பேராசை என்று எவரும் கூற இயலாது. தனக்கு வேண்டிய அளவை உணர்ந்தவர் துறப்பது தமக்கு உரிமையல்லாததை மட்டுமே. வித்யாரண்யரின் அழைப்பை மறுத்த தேசிகன் தம் செல்வத்தைத் தாமே துறந்தார். பிறர் கூலியைக் குறைத்துவிட்டு அவருக்கு மனநிறைவைப் போதிக்க எவருக்கும் உரிமை இல்லை.

'போதும்' என்னும் சொல் தனிமனிதருக்கு மட்டும் உரியதன்று. ஊருக்கும் தொழிலுக்கும் உரியது. வெள்ளியங்கிரி மலைச்சாரலில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யல், சாயக்கழிவுகளால் நிறம் மாறியது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992இல் நிறைவுற்ற ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் இடமாயிற்று. கீழ்ப்பகுதி உழவர்களின் வயல்களும் கிணறுகளும் கெட்டன. வழக்குகள் பல நடந்த பின், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத சுத்திகரிப்பு முறையை ஏற்ற பட்டறைகளே பின்னர் மீண்டும் இயங்கின. அடுத்தவன் கிணற்றைக் கெடுத்துப் பெற்ற செல்வம் தற்சார்பு ஆகாது. அது அவனிடம் கேட்காமல் பெற்ற கடன்.

இவற்றால் இல்லறத்தார் கைக்கொள்ளத்தக்கவை சில உள. சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்ததும் அரிசி, வாடகை, பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்கு முதலில் ஒதுக்குதல் நன்று. மீதத்தில் சிறு பகுதியையேனும் சேமித்தால், அடுத்த நெருக்கடியில் முன்பணத்துக்காக ஒருவர் வாசலில் நிற்க வேண்டியிராது. கையில் ஒரு தொழிலோடு மற்றொன்றையும் பழகிக்கொண்டால், ஓரிடத்தில் வேலை நின்றாலும் வாழ்வு நின்றுவிடாது. ஒன்றரை ஷிப்ட் தேவைப்படும் காலம் உண்டு. ஆனால் தேவை தீர்ந்த பின்னும் அது வழக்கமாகிவிட்டதா என்று இடையிடையே எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பின் வந்து அவர்கள் விழிக்குமுன் போய்விடும் தந்தை, அவர்களுக்காகவே உழைக்கிறார் என்பது மெய்யே. எனினும் அவர்கள் தந்தையின் முகத்தைக் காண்பதும் அவர்களுக்கு உரிய பங்கு அன்றோ?

தாம் பெற்றதில் ஒரு பிடியைப் பிறர்க்கு அளித்தல் கடைசியானது, ஆயினும் சிறியதன்று. காஞ்சியின் எளிய இல்லங்கள் ஒவ்வொன்றும் இட்ட ஒரு பிடி அரிசியாலேயே அப்பேராசாரியரின் அடுப்பு எரிந்தது. நூறு நூல்கள் எழுந்தன. இட்டவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. தமக்கு வேண்டியது இவ்வளவு என்று அறிந்திருந்ததால், அதற்கு மேல் ஒரு பிடியை எடுத்து வைக்க அவர்களால் முடிந்தது.