தொழில் பயிற்சிப் பாடம்: ஓடுகிறவரைத் தெளிவாகப் படம் பிடிப்பது எப்படி?



குழுக் கடனில் கேமரா வாங்கி, காதுகுத்து, வளைகாப்பு, பள்ளி விழா என்று படம் எடுத்துக் கொடுக்கும் உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். குழு நிகழ்ச்சிகளை போனில் எடுப்பவர்கள் இன்னும் அதிகம். அசையாம நிக்கிறவங்க படம் பளிச்சுன்னு வந்துடும். ஓடுறவங்க, ஆடுறவங்க படம்தான் மங்கிப் போகும். தாலி கட்டுற நேரம் மங்கிப்போனா, "இன்னொரு தடவை கட்டுங்க" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? அந்தக் கூலியும் போகும், அடுத்த ஆர்டரும் போகும்.

ஃபோகஸ் என்றால் என்ன?

எவ்வளவு தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று லென்ஸை அமைப்பதுதான் ஃபோகஸ். கேமராவே அமைத்தால் ஆட்டோ ஃபோகஸ். லென்ஸில் உள்ள வளையத்தை நாம் திருப்பி அமைத்தால் மேனுவல் ஃபோகஸ். 1985-இல் மினோல்டா 7000 கேமரா வந்த பிறகுதான் பெரிய கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸ் பரவியது. அதுவரை தேரையும் திருமணத்தையும் எடுத்த ஸ்டுடியோக்காரர்கள் கையால்தான் திருப்பினார்கள்.

ஆட்டோ எப்போது?

ஆள் எந்தப் பக்கம் போவார் என்று தெரியாதபோது ஆட்டோவே நல்லது. கபடியில் பாடி வருபவர், விளையாடும் குழந்தை, மேயும் ஆட்டுக்குட்டி எல்லாம் இப்படித்தான். நம் கை அந்த வேகத்துக்குத் திரும்பாது.

ஆனால் ஆட்டோவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒருமுறை பிடித்து அப்படியே நிற்கும். கேனானில் அது 'ஒன் ஷாட்'. நிக்கான், சோனியில் 'ஏ.எஃப்-எஸ்'. இன்னொன்று, பட்டனைப் பாதி அழுத்தி வைத்திருக்கும்வரை ஆளைத் தொடர்ந்து பிடிக்கும். கேனானில் அது 'சர்வோ'. மற்ற இரண்டிலும் 'ஏ.எஃப்-சி'. ஓடுகிறவருக்கு இந்த இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும். பல பேர் தவறுவது இங்கேதான்.

மேனுவல் எப்போது?

1. இடம் முன்பே தெரியும்போது. ஓட்டப்பந்தய முடிவுக் கோடு, ஜல்லிக்கட்டு வாடிவாசல், கும்மி வட்டத்தில் எல்லாரும் கடந்து போகும் ஓர் இடம்.

2. நடுவில் மறைப்பு இருக்கும்போது. தாலி கட்டும்போது அட்சதையும் பூவும் பறக்கும், கைகள் குறுக்கே வரும். ஆட்டோ அதைப் பிடித்துக்கொண்டு மணமக்கள் முகத்தை விட்டுவிடும். மூங்கில் தடுப்பு, வலை என்றாலும் இதே கதைதான்.

3. வெளிச்சம் குறைவானபோது. இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். அதற்குள் சாமி ஊர்வலம் நம்மைத் தாண்டிவிடும்.

சுலபமான வழி

முடிவுக் கோட்டில் ஒருவரை நிற்க வைத்து, பட்டனைப் பாதி அழுத்தி, ஆட்டோவில் ஃபோகஸ் பிடியுங்கள். பிறகு லென்ஸ் பக்கத்து சுவிட்சை 'எம்.எஃப்' அல்லது 'எம்'-க்கு மாற்றுங்கள். அதன்பின் வளையத்தைத் தொடாதீங்க, ஜூம் மாத்தாதீங்க, நின்ற இடத்தை விட்டும் நகராதீங்க. ஆள் கோட்டுக்கு வரும் ஒரு நொடி முன்பிருந்தே தொடர்ந்து அழுத்துங்கள்.

போனில் எடுப்பவர்கள், அந்த இடத்தைத் திரையில் விரலால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும்.

மங்கியதற்குக் காரணம் எது?

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆள் மங்கலாகி, பின்னால் இருக்கும் சுவர் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. தரை தெளிவாக இருந்து, கை கால் மட்டும் கோடு இழுத்த மாதிரி இருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. ஓடும் பிள்ளைகளுக்கு 1/500 நொடியோ அதைவிட வேகமாகவோ வையுங்கள்.

குழுவில் செய்து பாருங்கள்

ஓர் உறுப்பினரைச் சைக்கிளில் உங்களை நோக்கி வரச் சொல்லுங்கள். ஆட்டோவில் 10 படம், மேனுவலில் 10 படம் எடுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பேசுங்கள்:

* எதில் தெளிவான படம் அதிகம்? ஏன்?
* நம் ஊர்த் திருவிழாவில் எந்த இடத்துக்கு மேனுவல் சரிவரும்?

கூலிக்குப் போகும் முன் இப்படி ரெண்டு தடவையாவது பழகிடுங்க. விசேஷ வீட்டில் போய்ப் பழகக் கூடாது, சகோதரிகளே!